செலினாவைக் குளிப்பாட்டிய நண்பகல்

பைபிள் உமன் என்ற வேலையே எங்கள் சபையில் இனி கிடையாது என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்துவிட்டதாம். புதிதாக வந்திருக்கும் உதவி ஆயர் வீட்டுக்கு வந்து சொன்னார். சின்னப் பெண். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு யாரையும் போடாமலே வைத்திருந்தார்கள். இப்போது இடத்தையே எடுத்துவிட்டார்கள். "நீங்க என்னென்ன வேலம்மா பாத்தீங்க, ஒரு நோட்டுல எழுதித் தாங்களேன். ஆபீஸ்ல கேட்டா யாருக்கும் சொல்லத் தெரியல" என்றார். நோட்டையும் அவரே வாங்கி வந்திருந்தார்.

என் நியமன உத்தரவில் வீடு சந்திப்பு, ஓய்வுநாள் பள்ளி, பெண்கள் ஐக்கிய சங்கம், நோயாளிகளுக்கு ஜெபம் என்று இருந்தது. செத்துப்போன பெண்களைக் குளிப்பாட்டி உடுத்துவது என்று அதில் எங்கும் இல்லை. ஆனால் விருத்தாசலத்திலும், நல்லூர், கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்துக் கிராம சபைகளிலும் என்னை அதற்காகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். இப்போது ஃப்ரீசர் பெட்டிக்காரர்களே எல்லாம் செய்துவிடுகிறார்கள். அப்போது ஒரு வீட்டில் அழுகை கேட்டால் முதலில் பைபிளம்மாவுக்குத்தான் ஆள் வரும்.

பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருஷம் படித்தேன். பாட்டு, வேதபாடம், தையல். பிணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவரோடு நாலைந்து சாவு வீட்டுக்குப் போய்வந்ததில் முறை பிடிபட்டது. கதவைச் சாத்த வேண்டும். உள்ளே என்னோடு இன்னொரு பெண் மட்டும் இருக்கலாம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், ஏனென்றால் நாளைக்கு நமக்கும் குளிரும். உடம்பை முழுசாகத் திறக்கக்கூடாது. துண்டுக்கு அடியில் கையை விட்டுத்தான் துடைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், தொடுவதற்கு முன்னால், பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். "மேரி, பைபிளம்மா வந்திருக்கேன். கையத் தூக்குறேன்மா." அப்படிச் சொல்லிவிட்டு முழங்கை மடிப்பில் சூடான துண்டை வைத்துத் தேய்த்தால், கட்டையாக இருக்கிற கை மெல்ல இளகும். இளகியதும் ரவிக்கையைப் போட்டுவிடலாம். என் பையில் நாடா, பஞ்சு, ஓடிகொலோன், ஒரு வெள்ளைப் புடவை எப்போதும் இருக்கும். சில வீட்டில் நல்ல புடவை இருக்காது.

பிணம் சத்தம் போடும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நான் சொல்லப்போவதைப் பயந்தவள் பேச்சு என்று யாரும் நினைக்கக்கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் நெஞ்சில் தங்கின காற்று வெளியே வரும், முனகுவதுபோல இருக்கும். மூடின கண் திறந்துகொள்ளும். ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் கூட இருந்த பெண் அலறிக்கொண்டு ஓடிவிட்டாள். நான் கண்ணை மூடிப் பஞ்சு வைத்துவிட்டு மீதி வேலையைப் பார்த்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் அப்படித்தான். ஒரே ஒரு நாள் தவிர.

அந்த நாளைப் பற்றிச் சொல்ல, எங்கள் சபை அப்போது இருந்த இருப்பைச் சொல்ல வேண்டும்.

செல்வின் ஐயா எங்களுக்கு ஆயராக வந்து மூன்றாவது வருஷம் அது. பெரிய ஊரில் இறையியல் படித்தவர். கதர் ஜிப்பா, தோளில் துணிப்பை. ஜெபம் பண்ணும்போது கண்ணை மூடமாட்டார். சின்னச் சின்ன வாக்கியமாக, பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதுபோல ஜெபிப்பார். யார் வீட்டில் டீ குடித்தாலும் டம்ளரைத் தானே கழுவி வைப்பார். காலனிப் பிரச்சினை, சூளையில் வேலை செய்கிறவர்களின் நுரையீரல், பெண்கள் பிரசங்கம் பண்ணுவது, இதெல்லாம்தான் அவர் பிரசங்கத்தில் வரும். ஒரு குறை சொல்ல வேண்டுமென்றால், எதற்கும் "உங்களுக்கு என்ன தோணுதுங்க?" என்று கேட்பார். பதிலுக்கு நிற்கமாட்டார்.

சாமுவேல் அண்ணன் எங்கள் சபைக் கமிட்டியில் மூத்தவர். செராமிக் தொழிற்பேட்டையில் கரண்டுக்கான பீங்கான் ஃபியூஸ் கேரியர் செய்கிற சின்ன யூனிட் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் அவர் நடத்துவதுதான். மனந்திரும்பி மறுபடி பிறக்காதவன் மறுபடி பிறக்கிற வரைக்கும் அவனுக்காக அழுகிற மனுஷன். யாருக்கு ரத்தம் வேண்டுமென்றாலும் முதலில் போய்ப் படுப்பார். என் வீட்டுக்காரர் குடித்துக்கொண்டிருந்த காலத்தில் நாற்பது நாள் அந்தியில் வந்து அவரோடு முழங்கால் போட்டு ஜெபித்தார். வீட்டுக்காரர் குடியை விட்டார். அதனால் நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், சாமுவேல் அண்ணன் பக்கம்தான். செல்வின் ஐயாவின் பிரசங்கம் எனக்குக் காதோடு போகும். சாமுவேல் அண்ணன் ஜெபித்தால் நானும் முழங்கால் போட்டுவிடுவேன்.

இரண்டு பேரும் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துப் பாடினார்கள். ஒரே பதிவேட்டில் பேர். ஒரே கல்லறைத் தோட்டம். ஒருத்தரை ஒருத்தர் பார்த்தால் ஸ்தோத்திரம் சொல்லிக்கொள்வார்கள். அவ்வளவுதான் மிச்சம் இருந்தது.

அப்போதுதான் செலினா திரும்பி வந்தாள்.

அவள் லில்லியின் பிள்ளை. லில்லி, தொழிற்பேட்டையில் சூளைக்குப் போகும் முன் பீங்கான் சாமான்களில் பிசிறு சுரண்டும் வேலை செய்கிறவர்; புருஷன் இல்லை. பிள்ளைக்கு ஜான்சன் என்று ஞானஸ்நானம் கொடுத்தோம். ஓய்வுநாள் பள்ளியில் என் வகுப்புதான். பையன்களுக்கு ஒரு பாய், பெண்களுக்கு ஒரு பாய் போடுவோம். ஜான்சன் வந்ததும் பெண்கள் பாயில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு ஞாயிறும் நான் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கிப் பையன்கள் பாயில் வைப்பேன். அழாது. என்னையே பார்க்கும். பதினேழு வயதில் ஊரைவிட்டுப் போனது. பதிமூன்று வருஷம் கழித்துப் புடவையில், செலினா என்ற பேரோடு வந்து, பொம்மை செய்யும் யூனிட் ஒன்றில் வர்ணம் தீட்டுகிற வேலையில் சேர்ந்து, ஜங்ஷன் பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கியது. லில்லி வீட்டு வாசலுக்குப் போனபோது லில்லி கதவைத் திறக்கவில்லை.

கோயிலுக்கு வந்தாள். பெண்கள் வரிசையில் கடைசியில் உட்கார்ந்தாள். திருவிருந்து ஞாயிறன்று பெண்கள் வரிசையிலேயே வந்து முழங்கால் போட்டாள். சாமுவேல் அண்ணன் முந்தின நாளே ஐயாவிடம் சொல்லியிருந்தார்: ஜான்சன் ஜான்சனாக வரட்டும், மனந்திரும்பி வரட்டும், நானே கைபிடித்துக் கூட்டி வருகிறேன் என்று. ஐயா அப்பத்தை அவள் கையில் வைத்தார். அந்த நிமிஷம் பாதிப் பேர் எழுந்து வராண்டாவுக்குப் போனார்கள். லில்லியும் போனார். நான் பலிபீடத்துக்குப் பக்கத்தில் துணி மடிக்கிற வேலையில் இருந்ததால் போக முடியவில்லை. அந்த வேலை இல்லாவிட்டால் போயிருப்பேன்.

அடுத்த கோடையில் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்து முற்றியது. ஐயா சொன்னதால் பார்க்கப் போனேன். அறைக்குள் நுழைந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன். சுவர் முழுக்கப் பலகை அடித்து, பீங்கான் பொம்மைகளை வரிசையாக வைத்திருந்தாள். உதடு, புருவம், பொட்டு எல்லாம் தீட்டியிருந்தது. ஒன்றுக்கும் கண் இல்லை. வெளேரென்று இரண்டு குழி. நான் பார்ப்பதைப் பார்த்து, "கண்ணு கடைசிலதான் போடுவேன் டீச்சர். போட்டுட்டா அதுங்க என்னையே பாக்குதுங்க" என்றாள். கண் இல்லாமலும் பார்க்கத்தான் செய்தன என்று எனக்குப் பட்டது.

நான் வேதம் வாசித்தேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"என்னை அந்தப் பாயிலேருந்து தூக்கி வப்பீங்களே, ஞாபகம் இருக்குதா?"

கோபமாகச் சொல்லவில்லை. பழைய விளையாட்டைச் சொல்வதுபோலச் சொன்னாள். நான் வேதத்தை மூடிப் பையில் வைத்தேன்.

"ஒண்ணு கேக்கணும். நான் போயிட்டா நீங்கதான் வரணும் டீச்சர். ஆம்பளைங்க தொட வேணாம்."

நான் கண்ணை மூடி ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டேன். ஜெபம் முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை என்பதை ஜெபத்தால் மூடினேன். இது எனக்குத் தெரியும், கடவுளுக்கும் தெரியும்.

பத்து நாளில், ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை அரசு ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். காலை எட்டு மணிக்குக் கமிட்டி கூடியது. லில்லி, சாமுவேல் அண்ணனிடம் சொல்லியனுப்பியிருந்தார்: ஜான்சன் என்று அடக்கம் பண்ணினால் கல்லறைக்கு வருவேன், இல்லாவிட்டால் எனக்குப் பிள்ளையே இல்லை. ஐயா ரொம்ப நேரம் வாதாடினார். கடைசியில், கல்லறைத் தோட்டத்தில் இடம் உண்டு, ஆனால் பதிவேட்டில் உள்ள பேர்தான் வாசிக்கப்படும், வேட்டி சட்டை போட்டு ஆண்களே குளிப்பாட்டுவார்கள் என்று முடிவாயிற்று. ஐயா கையெழுத்துப் போட்டார். கோயில் இரண்டாக உடைவதைவிட இது பரவாயில்லை என்று நினைத்திருப்பார். எனக்கும் மூச்சு வந்தது. என் தலையிலிருந்து பாரம் இறங்கியது.

உடம்பைச் சபை மண்டபத்தின் பின்னறையில் வைத்திருந்தார்கள். தகரக் கூரை. நண்பகல் வெயில். மண்டபத்து வாட்ச்மேனும், வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு வருகிற இரண்டு பேரும் உள்ளே போனார்கள். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தார்கள். மூன்று பேருக்கும் சட்டை நனைந்திருந்தது. வாட்ச்மேன் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். கை இரண்டையும் மார்போடு சேர்த்துக் குறுக்கே கட்டிக்கொண்டிருக்கிறது, பிரிக்க முடியவில்லை என்றார்கள். மூன்று பேர் இழுத்தும் அசையவில்லையாம். "புடிச்சிக்கினு இருக்குதுங்கய்யா" என்றார் வாட்ச்மேன்.

ஐயா என்னைப் பார்த்தார். "உங்களுக்கு என்ன தோணுதுங்க?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் ஆம்புலன்ஸ்காரரிடம் பேசப் போய்விட்டார்.

கூட வரச் சொல்லி அங்கிருந்த பெண்களைப் பார்த்தேன். யாரும் நகரவில்லை. நான் மட்டும் போய்க் கதவைச் சாத்தினேன்.

உள்ளே அனல். கூரைமேல் புறாக்கள் நடக்கிற சத்தம் டிக் டிக் என்று கேட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் சொன்னது உண்மைதான். இரண்டு உள்ளங்கையும் தோளைப் பற்றியிருந்தன. குளிருக்கு ஒடுங்கின மாதிரி. யாரோ புடவையை உருவ வந்தபோது மறைத்துக்கொண்ட மாதிரி என்றும் சொல்லலாம். துண்டை நனைத்துப் பிழிந்தேன். முறைப்படி கூப்பிட்டேன்.

"ஜான்சன், டீச்சர் வந்திருக்கேன். கையத் தூக்குறேன்பா."

தேய்த்தேன். இரும்பு. மறுபடி சொன்னேன், மறுபடி தேய்த்தேன். மூன்றாவது தடவை, கையை விலக்கலாமென்று அக்குளுக்கு அடியில் என் கையைக் கொடுத்தேன். கொடுத்ததும் என் கைக்கு அந்த இடம் தெரிந்தது. அதே பிள்ளை. அதே அக்குள். ஒவ்வொரு ஞாயிறும் தூக்கி மறுபாயில் வைத்த அதே கை என்னுடையது.

கையை எடுத்துக்கொண்டேன். கூரைமேல் புறாச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. வெளியே பஸ் சத்தம், பேச்சுச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அந்த அறையில் நான் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அது எனக்கு ஒருத்தி மூச்சுபோலத் தெரியவில்லை.

"செலினா," என்றேன். "செலினா, டீச்சர்மா. நீ கேட்டியே, வந்துட்டேன்."

நான் இன்னும் தொடவில்லை. அவளைத் திருப்பவும் இல்லை. ஒரு பெருமூச்சு கேட்டது. பிணத்திலிருந்து வரும் காற்றுச் சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது கட்டையாக, ஈரமாக வரும். இது அழுது முடித்த பிள்ளை விடுகிற மூச்சு. முழங்கையைத் தொட்டேன். தூக்கத்தில் சட்டை கழற்றும்போது குழந்தையின் கை எப்படி வருமோ அப்படி வந்தது. இரண்டு கையும்.

அதற்கப்புறம் எனக்குப் பயமில்லை. தலைமுதல் கால்வரை துடைத்தேன். தோளில் அவள் விரல் பதிந்த இடம் சிவந்திருந்தது; அதில் கொஞ்சம் ஓடிகொலோன் தடவினேன். அவர்கள் வைத்துவிட்டுப் போன வேட்டி சட்டையை மடித்து ஜன்னலில் வைத்தேன். என் பையிலிருந்த வெள்ளைப் புடவையைக் கட்டினேன். தலை வாரிப் பின்னினேன்.

பெட்டியைத் திறந்து வைத்தபோது சாமுவேல் அண்ணன்தான் முதலில் வந்து பார்த்தார். பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி, "நீங்களா, பைபிளம்மா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். கண் கலங்கியிருந்தது. தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். லில்லி கல்லறைக்கு வரவே இல்லை.

குழிக்குப் பக்கத்தில் ஐயா தாளைப் பிரித்து அடக்க ஆராதனை வாசித்தார். பேர் வருகிற இடத்தில் நிறுத்தினார். ஜான்சன் என்று வாசித்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாரே. மண் போடுகிற முறை வந்தபோது நான், "செலினா" என்று சொல்லிப் போட்டேன். கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே நின்றிருந்த அவளுடைய தோழிகள் நாலைந்து பேர் அதையே திருப்பிச் சொன்னார்கள். ஐயா தலையைக் குனிந்துகொண்டார்.

நடந்ததை நான் இரண்டு பேரிடமும் சொன்னேன். ஐயா டீ டம்ளரைக் கழுவிக்கொண்டே கேட்டார். உடம்பு விறைப்பது வெயிலில் சீக்கிரம் வரும், சீக்கிரம் விடும், மூன்று பேர் ஏற்கெனவே இழுத்திருக்கிறார்கள், அதனால் உங்கள் கைக்கு இளகியது, அறிவியல்தான் என்று பொறுமையாக விளக்கினார். அந்தப் பேரைச் சொன்னீர்களே, அதுதான் முக்கியம் என்றார். சாமுவேல் அண்ணன் என்னை உட்காரவைத்து, செத்தவர்கள் மூச்சுவிட மாட்டார்கள், அவர்கள் பேரில் வேறொன்று வந்து ஏமாற்றும், உங்களுக்காக உபவாசம் இருக்கிறேன் என்றார். இருந்தார் என்றும் தெரியும். இரண்டு பேரும் நல்லவர்கள். சொன்னதைத் திருப்பிக் கேட்டுப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அடக்கம் முடிந்து ஏழெட்டு நாள் இருக்கும். மத்தியானம் லில்லி என் வீட்டுக்கு வந்தார். யூனிட்டிலிருந்து அப்படியே வந்திருந்தார். புருவம், இமை எல்லாம் வெள்ளைத் தூள். உட்காரவில்லை.

"கூப்புடுதும்மா," என்றார். "நான் சோறு துன்ன வூட்டுக்கு வர நேரம். கதவுக்கு அந்தாண்ட நின்னு அம்மா, அம்மாங்குது."

யார் என்று கேட்டேன்.

"பொம்பள கொரலு. எனக்குத் தெரியாத கொரலு. போறப்ப அவன் கொரலு வேற." முந்தானையால் இமையைத் துடைத்துக்கொண்டார். "திரும்பி வந்தப்ப நான் கதவ தொறக்கல. பேசவும் இல்ல. இப்ப எந்தக் கொரலுன்னு நான் எப்படிம்மா கண்டுபுடிப்பேன்?"

சாமுவேல் அண்ணன் நிலைப்படியில் ஜெப எண்ணெய் பூசி, என்ன கேட்டாலும் திறக்காதே என்று சொல்லியிருக்கிறார். ஐயா வந்து, துக்கத்தில் மனசு அப்படித்தான் கேட்கும், கடலூரில் நல்ல டாக்டர் இருக்கிறார், நானே கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அது செலினா இல்லை என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து. எங்கள் சபை விசுவாசமும் அதுதான். நானே எத்தனையோ சாவு வீட்டில் அதைச் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் மத்தியானம் நான் லில்லி வீட்டுக்குப் போனேன். தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கிற வரிசை வீடுகளில் ஒன்று. அந்த நேரத்தில் தெருவில் ஒரு நாய்கூட இல்லை. வெயிலும் தூளும் சேர்ந்து தெரு, சுவர், முள்மரம் எல்லாம் ஒரே வெள்ளையாக இருந்தது. கதவைச் சாத்திவிட்டு இருவரும் உள்ளே தரையில் உட்கார்ந்தோம். லில்லி சோற்றைப் போட்டுவிட்டுத் தொடாமல் இருந்தார். எனக்கு மூட்டுவலி, கதவுப் பக்கம் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தேன்.

பன்னிரண்டே முக்காலுக்குத் தொழிற்பேட்டைச் சங்கு ஊதி அடங்கியது. அதற்குச் சற்றுப் பிறகு, கதவுக்கு அந்தப் பக்கம், தட்டாமல், அவசரப்படாமல், "அம்மா" என்று கேட்டது.

எனக்கும் கேட்டது. இந்த வயதில் இல்லை என்று சொல்லி எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். வேதம் வாசித்துவிட்டு நான் பதில் சொல்லாமல் எழுந்து வந்த அறையில் கேட்ட குரல்.

லில்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். எலும்பு வலித்தது. மறுபடி ஒருமுறை கேட்டது. லில்லி என் காதருகே வந்து கேட்டார்.

"என்னான்னு கூப்புடணும்மா?"

சொன்னேன்.

லில்லி எழுந்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, எண்ணெய் பூசின நிலைப்படிக்குப் போய்த் தாழ்ப்பாளை நீக்கினார். கதவு திறந்தது. வெள்ளைத் தெரு. வெயில். யாரும் இல்லை. அனல்கூட உள்ளே வரவில்லை.

"செலினா," என்றார் லில்லி. அவர் வாயில் அந்தப் பேர் வருவது அதுதான் முதல் தடவை. "உள்ள வாம்மா. சோறு ஆறுது."

சொல்லிவிட்டு, கதவோடு கதவாக ஒதுங்கி நின்று வழிவிட்டார். நான் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டேன்.